ஊமை வாசிப்பும் ஒரு வவ்வால் மீனும்

படக்கதைப் படிப்பை வாயாலேயே பாஸ் செய்துவிடலாம் என்றுதான் நான் முதலில் நம்பினேன். முட்டாள்தனமான நம்பிக்கைதான். ஆனால் ஆதாரமில்லாத நம்பிக்கை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதுவரை முப்பத்தைந்து வருஷம் நான் அப்படித்தான் பாஸாகி வந்திருந்தேன்.

தவளக்குப்பத்தைத் தாண்டி ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் மாஸ்டர் உத்தியோகம். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி, கரும்பலகையில் நான் போட்டு வைத்திருந்த யானையைப் பார்த்து, "இது எருமையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார், யானை. தூரத்துல நிக்குது."

"தும்பிக்கை எங்க?"

"அந்தப் பக்கம் திரும்பிப் பாக்குதுங்க சார்."

சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனார். படம் பாதி, பக்கத்தில் நிற்கிற ஆள் பாதி என்பது என் கொள்கையாயிற்று.

இரண்டாயிரங்களின் நடுவில் எங்கள் பள்ளித் தாளாளர் மேல்நிலை வகுப்புக்கு ஓவியப் பாடம் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். முதுகலை முடித்தவர்தான் வேண்டுமாம். "போய்ப் படிச்சிட்டு வாங்க மாஸ்டர். ரெண்டு வருஷம் உங்க இடத்த காலியா வச்சிருக்கேன். மூணாவது வருஷம்னு வந்து நின்னீங்கன்னா வேற ஆளப் போட்டுடுவேன்" என்றார். சம்பளமில்லா விடுப்பு. என் மனைவி அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் சம்பளத்தில் வீடு ஓடும் என்று முடிவானது. முடிவு செய்தது நான்; ஓட்டப்போவது அவள். அதனால் அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"ரெண்டு வருஷம் நைட் டூட்டி கூடப் போட்டுப் பாத்துக்கிறேன். ஆனா பெயிலாயிட்டேன், இன்னும் ஒரு வருஷம்னு மட்டும் வந்து நிக்காதீங்க."

"என்னப் பாத்தா பெயிலாவற ஆள் மாதிரியா இருக்கு?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நர்ஸுகளுக்கு முகத்தை மாற்றாமல் நோயாளியைப் பார்க்கிற பயிற்சி உண்டு.

கல்லூரி, கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, மஞ்சள் அடித்த ஒரு பழைய பிரெஞ்சு வீட்டில் இருந்தது. கூட்டிக் கழித்தால் ஒரு வகுப்பில் பத்துப் பேர் தேறுவார்கள். எல்லாருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றார்கள். நானும் பெருந்தன்மையாக உட்காரச் சொல்லிவிட்டுப் பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அந்த அவமானத்திலிருந்து அவர்கள் தேறி வர ஒரு மாதம் ஆனது.

இரண்டாம் ஆண்டில் சிறப்புப் பாடம் எடுக்க வேண்டும். எண்ணெய் வண்ணம், சிற்பம், அச்சு, படக்கதை. படக்கதை என்றதும் எனக்குக் கை தானாகத் தூக்கிக்கொண்டது. கட்டம் போட்டு உள்ளே ஆளை வரைய வேண்டும், ஆளின் வாயிலிருந்து பலூன் விட்டு உள்ளே வசனம் எழுத வேண்டும். யானை சரியாக வராவிட்டால் பலூனில் 'நான் யானை' என்று எழுதிவிட்டால் முடிந்தது. என் பிழைப்புக்கென்றே யாரோ கண்டுபிடித்த கலை என்று நினைத்தேன்.

பாடம் எடுத்த அம்மையார் பாரிசில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். நாங்கள் எல்லாரும் மதாம் என்போம். முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்: கடைசி ஜூரிக்கு, அதாவது வருஷக் கடைசியில் வெளியாள் வந்து மதிப்பெண் போடும் தேர்வுக்கு, எட்டுப் பக்கக் கதை. வசனம் கிடையாது. பலூன் கிடையாது. தலைப்புக்கூடக் கிடையாது.

அது போதாதென்று இன்னொன்றும் இருந்தது. அதற்கு எங்கள் வகுப்பில் 'ஊமை வாசிப்பு' என்று பெயர். ஜூரியன்று வெளியிலிருந்து வரும் தேர்வாளர், அந்தக் கதையை அதுவரை பார்த்திராத ஓர் ஆளைப் பிடித்து வந்து பக்கங்களின் முன்னால் உட்கார வைப்பார். அந்த ஆள் கட்டம் கட்டமாகப் பார்த்து, தனக்குப் புரிந்த கதையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வரைந்தவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். வாயும் பேசக்கூடாது, கையும் பேசக்கூடாது. பேசினால் வாசிப்பு செல்லாது. வாசிப்பு செல்லாவிட்டால் மதிப்பெண் கிடையாது.

நான் எழுந்து, "மதாம், சின்னதா ஒரு விளக்கம் மட்டும், ஆரம்பத்துல ஒரு நிமிஷம்..." என்றேன்.

"முசியே," என்றார் மதாம், "உங்க புஸ்தகம் கடைல வித்தா, வாங்கறவங்க வீட்டுக்கெல்லாம் நீங்களும் கூடவே போவீங்களா?"

போவேன் என்றுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்து என் நிலைமையை யோசித்துப் பார்த்தேன். என்னிடமிருந்த ஒரே ஒரு திறமையைத் தேர்விலிருந்து நீக்கிவிட்டார்கள். நீச்சல் போட்டிக்குப் பெயர் கொடுத்தவனிடம், கைகால் ஆட்டக்கூடாது என்று சொன்ன மாதிரி இருந்தது.

சரி, கதையாவது எளிதாக இருக்கட்டும் என்று கண்ணால் பார்த்த ஒன்றை எடுத்துக்கொண்டேன். என் சகலை, அதாவது என் மனைவியின் அக்கா புருஷன், மில்லில் வேலை. கடலில் கால் நனைத்ததோடு சரி. எங்கள் மாமியார் வீடோ கனகசெட்டிக்குளத்தில், மீன் பிடித்து, மீன் விற்று வாழ்ந்த குடும்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தில் யாரோ மாப்பிள்ளைகளைக் கிண்டல் செய்துவிட, சகலைக்கு ரோஷம் வந்துவிட்டது. "அடுத்த வாரம் பாருங்க, நானே மீன் புடிச்சாந்து போடுறேன்" என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு நோணாங்குப்பம் போய், படகுத் துறைக்குத் தள்ளி ஆற்றோரம் தூண்டில் போட்டு உட்கார்ந்தார். மத்தியானம்வரை சுற்றுலாக்காரர்கள் படகிலிருந்து எங்களுக்குக் கையாட்டினார்கள். மீன் ஒன்றும் ஆட்டவில்லை. கடைசியில் மார்க்கெட்டுக்குப் போய், இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு பெரிய வவ்வால் மீனை வாங்கி, வாயில் தூண்டில் முள்ளைக் குத்தி, மாமியார் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டோம், வந்தோம்.

இதில் நான் கடைசியை மட்டும் மாற்றினேன். மாமியார் மீனின் செவுளைத் திறந்து பார்க்கிறார், உள்ளேயிருந்து ஐஸ் கட்டி விழுகிறது, மருமகன் மாட்டிக்கொள்கிறான், வசவு வாங்குகிறான். குழந்தைக்கும் புரியும் கதை. எட்டுப் பக்கமும் பென்சிலில் போட்டு முடித்து, வகுப்பிலேயே வயதில் சின்னவளான ஒரு பெண்ணிடம் ஒத்திகைக்குக் கொடுத்தேன். காரைக்காலிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். ஆனால் அண்ணனுக்குரிய மரியாதை எதுவும் அந்தச் சொல்லில் இருக்காது.

அவள் ஒரு கையில் பக்கங்களையும் இன்னொரு கையில் ஸ்கேலையும் வைத்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் முழங்கையில் ஒன்று வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

"ஒருத்தர் சாப்புடறார். பொண்டாட்டி பக்கத்துல. அப்புறம் ஆத்தங்கரை. யாருக்கோ காத்துட்டு இருக்கார்."

"காத்து இல்லம்மா, மீ—"

ஸ்கேல் விழுந்தது.

"அந்தப் பொண்ணு வரல. சோகமாயிட்டார். அப்புறம் மார்க்கெட்ல ரகசியமா சந்திக்கிறாங்க. ரெண்டு பக்கமும் திரும்பிப் பாக்கறார். அந்தம்மா பேப்பர்ல சுத்தி என்னமோ குடுக்குறாங்க. நகையா இருக்கும்." அவள் பக்கத்தைக் கண்ணருகில் கொண்டுபோனாள். "இல்லயே. இது அவர் பொண்டாட்டிதானே? பொண்டாட்டிகிட்ட எதுக்கு ரகசியமா வாங்கறாரு?"

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. நான் வரைகிற பொம்பளைகள் எல்லாருக்கும் ஒரே முகம். மனைவிக்கும் அதே மூக்கு, மீன்காரிக்கும் அதே மூக்கு, மாமியாருக்கும் அதே மூக்கு, நரை மட்டும் கூடுதல். பள்ளிக்கூடத்தில் பத்து வருஷமாகப் பாரதமாதாவையும் சத்துணவு ஆயாவையும் அதே மூக்கை வைத்துத்தான் ஒப்பேற்றியிருந்தேன். யாரும் கேட்டதில்லை. பக்கத்தில் நான் நின்றிருந்தேனே.

அந்த வாரம் முழுக்க மீன்காரியைத் தனியாக்கப் பாடுபட்டேன். தலையில் அன்னக்கூடை வைத்தேன். எல்லாக் கட்டத்திலும் கூடை தலையிலேயே இருந்ததால், அடுத்து வாசித்த பையன் "பாவம் அந்தம்மா, யாராச்சும் எறக்கி வைங்களேன்" என்று அதிலேயே நின்றுவிட்டான். கூடையை இறக்கிவைத்து மூக்குத்தியைப் பெரிதாக்கினேன். மூக்குத்தியைப் பார்த்தவர்கள் அவள்தான் கதாநாயகி என்று முடிவு செய்தார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கள்ளக்காதல் இன்னும் ஆழமாகிக்கொண்டே போனது. கதையில் மீன் என்று ஒன்று இருப்பதையே யாரும் கவனிக்கவில்லை.

வீட்டில் காட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியதுதான் பெரிய தவறு. டூட்டி முடித்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த மனைவியிடம் பக்கங்களைக் கொடுத்தேன். நான் எதிரில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் முதல் கட்டத்திலேயே நின்றாள்.

"இது எங்க மாமா இல்ல?"

தொந்தியும் மீசையும் வழுக்கையும் அப்படியே வந்திருந்தன. என் வாழ்க்கையில் நான் வரைந்ததில் அசலைப் போலவே இருந்த ஒரே மூஞ்சி அதுதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தலையை ஆட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது.

அவள் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். மார்க்கெட் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். பிறகு எல்லாவற்றையும் அடுக்கி மேஜையில் வைத்தாள்.

"எத்தன நாளா நடக்குது இது?"

"ஒரு மாசமா வரையறேன்."

"வரையறதக் கேக்கல. யாரு இவ?"

நான் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவள் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். நான் கதவைத் தட்டி, "ஏம்மா, அது மீனு. மீன் வாங்குறார்மா" என்றேன். உள்ளேயிருந்து, "அக்கா, நீ பதறாத, மொதல்ல உக்காரு" என்று குரல் கேட்டது.

மறுநாள் காலை சகலையின் வண்டி கல்லூரி வாசலில் வந்து நின்றது. நான் அவரை வேகமாகத் தெருக்கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"இன்னா சகல, என்னா வரைஞ்சு வச்சிருக்கே? ராத்திரியிலருந்து எங்க வீட்ல அடுப்பு எரியல. பிள்ளைங்க பரோட்டா துன்னுதுங்க."

"அண்ணே, அது நீங்க மீன் வாங்கின கதண்ணே. நானே உங்க வீட்டுக்கு வந்து சொல்லிடறேன். மார்க்கெட்ல மீன்தான் வாங்கினாரு, வேற ஒண்ணும் இல்லன்னு—"

அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"மீனப் பத்தி மூச்சு வுடாதே."

"அப்புறம் எப்டிண்ணே?"

"அவ ரெண்டு நாளைக்கு சோறு போடமாட்டா. மூணாவது நாள் தானா சரியாயிடும். மீனு விஷயம் தெரிஞ்சுதுன்னு வச்சுக்க, மாமியார் ஊரே நான் சாவுற வரைக்கும் சொல்லிக் காட்டும். மில்லுக்காரு வவ்வால் புடிச்சாருன்னு. யாருன்னு தெரியல, ஒண்ணும் புரியலன்னு சொல்லிட்டுப் போ. தொந்தியக் கொறை. தலைக்கு முடி போடு."

மீன் வாங்கினவன் என்ற பெயரைவிட மற்ற பெயர் தேவலை என்று ஒரு மனிதர் தெருவில் நின்று கெஞ்சுகிறார். நான் உறுதிமொழி கொடுத்து அனுப்பினேன். பிறகு நேராக வீட்டுக்குப் போய் மனைவியிடம் மீன் விஷயத்தைச் சொன்னேன். என்னிடம் வேறு வழியில்லை. அந்த அக்காவின் பிள்ளைகள் எத்தனை நாள் பரோட்டா தின்னும்?

மனைவி அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே சிரிப்பு. அதற்குப் பிறகு இவளும் சிரித்தாள். நான் போனைப் பிடுங்கி, "என்னாச்சு அண்ணி?" என்றேன்.

"அது அன்னிக்கே தெரியுமே. செவுள்ள ஐஸ் கட்டியோட எந்த ஆத்துல மீன் வருது? அம்மா பாத்துட்டு ஐஸக் கழுவி விட்டுட்டாங்க. மாப்ளைக்கு சங்கடமா இருக்கும்னு சொல்லல. பெரிய துண்டா எடுத்து அவருக்கே வச்சாங்க, நீங்க பாக்கல? இவர்கிட்ட நீங்களும் ஒண்ணும் காட்டிக்காதீங்க."

செவுளும் ஐஸ் கட்டியும் நான் கற்பனையாகப் போட்டது என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே அப்படித்தான் நடந்திருக்கிறது. நான் அதே வீட்டு வாசலில் கையலம்பிக்கொண்டிருந்திருக்கிறேன், எதையும் பார்க்கவில்லை. நான் போட்டிருந்த வசவைவிட நடந்தது நன்றாக வேறு இருந்தது.

அன்றைக்கே ஏழாம் பக்கத்தையும் வசவு இருந்த எட்டாம் பக்கத்தையும் கிழித்துவிட்டு, ஏழாவதை மட்டும் மறுபடி வரைந்தேன். மாமியார் செவுளைத் திறக்கிறார். ஐஸ் கட்டி கையில் விழுகிறது. திரும்பி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மருமகனைப் பார்க்கிறார். ஐஸைத் தொட்டியில் போடுகிறார். கடைசிக் கட்டத்தில் பெரிய துண்டை அவன் இலையில் வைக்கிறார். முகத்தில் ஒன்றுமில்லை.

மீன்காரியைக் கிழவியாக்கினேன். மூக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, மார்க்கெட்டில் போய் நின்று, உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மா, "மீனு வேணுமா, நான் வேணுமா?" என்று கேட்டார். கால் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு வந்தேன். மருமகனுக்குத் தொந்தியைக் குறைத்து முடி வைத்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, "இப்ப உங்கள மாதிரி இருக்கு" என்றாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் மானம் சகலையின் மானத்தைவிட மலிவு.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஜூரி நெருங்க நெருங்க எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாமியார் சும்மா இருக்கிறார் என்றால், ஏன் சும்மா இருக்கிறார் என்று எவனுக்குப் புரியும்? பெயிலானால் பள்ளியில் இடம் போயிற்று. மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பது? கேட்ட எட்டுக்கு ஒரு பக்கம் குறையவும் செய்தது. அதனால் எட்டாம் பக்கம் ஒன்று போட்டேன். மாமியார் தலைக்கு மேலே ஒரு மேகம். மேகத்துக்குள் கடல். கடலில் வவ்வால் மீன். பக்கத்தில் ஆறு; ஆற்றின் மேல் பெருக்கல் குறி. மார்க்கெட், ஐஸ் பெட்டி, அதிலிருந்து அம்புக்குறி. கீழே மொத்தக் குடும்பமும் வாயைப் பொத்திச் சிரிக்கிறது. மதாம் அதைப் பார்த்துவிட்டு, "இது வேணுமா?" என்றார்.

"சேஃப்டிக்கு மதாம்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். கறுப்பு மசி தீர்ந்துபோயிருந்ததால் அந்தப் பக்கத்தை மட்டும் பேனா மையைத் தண்ணீரில் கரைத்துத் தீட்டி முடித்தேன்.

மிச்சமிருந்தது என் வாய். ஒத்திகைகளில் நான் ஒருமுறைகூட முழுசாக மூடிக்கொண்டு நின்றதில்லை. என் முழங்கை கன்றிப்போயிருந்தது. ஜூரியன்று காலையில் அந்தக் காரைக்கால் பெண் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"வாய் நெறைய ஊத்தி வச்சுக்கோங்கண்ணா. முழுங்கக் கூடாது. தண்ணி இருந்தா பேச்சு வராது."

"எங்க ஊர்ல குழந்தைங்களுக்கு விக்கல் நிக்கறதுக்குத்தான் இப்டிச் செய்வாங்க."

"உங்களுக்கும் அந்த மாதிரிதான். வைங்க."

எங்கள் கூடத்தில் நீளமான மேஜை மீது எட்டுப் பக்கங்களும் வரிசையாக இருந்தன. தேர்வாளர் சென்னையிலிருந்து வந்திருந்தார். அதிகம் பேசாத, உயரமான மனிதர். எனக்கு வாசகராக யாரைப் பிடிப்பது என்று அவர் வாசலைப் பார்த்த நேரத்தில், எதிர்வீட்டுப் பெரியவர் கோபமாக உள்ளே வந்தார். அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கிக்கொண்டு வாழ்ந்தவர். ஊரில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். எங்கள் வண்டிகள் தன் வாசலை அடைக்கின்றன என்று வாரத்துக்கு ஒருதரம் சண்டைக்கு வருவார்.

"ஐயா, உட்காருங்க," என்றார் தேர்வாளர். "இந்தப் படத்தைப் பாத்து கதை சொல்ல முடியுமா?"

"நான் வண்டியப் பத்தி சொல்ல வந்தேன்."

"அதுக்கப்புறம் வண்டியப் பத்திப் பேசலாம்."

சொல்தா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டினார். நான் வாயில் தண்ணீரை நிரப்பிக்கொண்டேன்.

"சாப்புடுறான். பக்கத்துல சம்சாரம். இது மாமியார், பாத்தாலே தெரியுது. கைய இப்டி ஆட்டுறான். இன்னாத்துக்கு? வண்டி கிண்டி ஓட்டப் போறானா? ஓ, தூண்டில். பீத்திக்கிறான். அல்ஜீரியால எங்க சார்ஜான் ஒருத்தன் இதே மாதிரிதான், நான் அத சுட்டேன் இத சுட்டேன்னு. ஒரு நாள் எங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு..."

அல்ஜீரியா நீண்டது. சார்ஜான் என்ற அந்தப் பட்டாளத்து சார்ஜென்ட் ஒரு மலையில் ஏறி, இறங்கி, இன்னொரு மலையில் ஏறினார். என் வாயில் தண்ணீர் வெந்நீராகிவிட்டது. தாடை நடுங்கியது. தேர்வாளர் தடுக்கவில்லை. மதாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் இரண்டு வருஷ நைட் டூட்டி அல்ஜீரியாவில் ஏதோ ஒரு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டு கிடந்தது.

ஒருவழியாகப் பெரியவர் நோணாங்குப்பத்துக்குத் திரும்பினார். "ஆத்துல ஒண்ணும் கெடைக்கல. போட்டுல போறவன்லாம் டாட்டா காட்டுறான்." அடுத்தது மார்க்கெட். கிழவி, பேப்பர் பொட்டலம், இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கிற ஆள். அத்தனை பேரையும் கள்ளக்காதலில் தள்ளிய அதே இடம். பெரியவர் குனிந்தார். இன்னும் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"இந்தப் பொம்பளைகிட்ட..." என்று இழுத்தார்.

நான் உதட்டை இன்னும் இறுக்கி மூடினேன்.

"...வாங்குறான் பாரு, செவுளக்கூடத் தொறந்து பாக்காம. மீன் வாங்கத் தெரியாத முண்டம்."

எத்தனையோ வாரங்களாக யாருமே பார்க்காத மீனை ஓர் ஆள் பார்த்துவிட்டார். எனக்குள் எங்கிருந்தோ சிரிப்பு கிளம்பியது. மூக்கு வழியாக ஒரு பாதியும், வாய் வழியாக மறுபாதியும் வந்தது. மேஜையின் கடைசியில் நின்றிருந்தேனா, மொத்தத் தண்ணீரும் எட்டாம் பக்கத்தின் மேல் போய் விழுந்தது. பேனா மை கரைந்து ஓடியது. மேகம், கடல், ஐஸ் பெட்டி, சிரிக்கிற குடும்பம் எல்லாம் சேர்ந்து ஒரு நீலக் குட்டையாயின.

நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"பேசினாரா?" என்றார் தேர்வாளர்.

"பேசல," என்றார் மதாம்.

"பின்ன?"

"துப்பினார்."

"துப்பல மதாம், சிரிச்சார்" என்றாள் காரைக்கால் பெண்.

"சிரிக்கலாமா? உங்க விதியில என்ன இருக்கு?" என்று தேர்வாளர் மதாமைக் கேட்டார்.

"வாய் பேசக்கூடாது, கை பேசக்கூடாது. தண்ணியப் பத்தி ஒண்ணும் இல்ல."

"தண்ணி ஒரு குறிப்புன்னு எடுத்துக்கலாமா? அந்த இடத்துல வந்ததால, வாசிக்கிறவருக்கு அது சரின்னு—"

"நான் இன்னும் முடிக்கல," என்றார் சொல்தா. "எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க."

அவர் ஏழாம் பக்கத்தின் ஓரத்தில் தெறித்திருந்த துளிகளைக் கைக்குட்டையால் ஒற்றினார். மாமியார் செவுளைத் திறக்கிறார். விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தார். இந்த முறை வாயைத் திறக்கவே இல்லை. கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது. பெரிய துண்டு, இலை, அவன் நெஞ்சு, அவள் முகம்.

"கண்டுபுடிச்சுட்டா," என்றார். "ஆனா சொல்லமாட்டா. சொன்னா ஒரு நாள் சிரிப்போட போயிடும். சொல்லலன்னா, இனிமே வாராவாரம் இவன் மீன் கொண்டாந்துதான் ஆவணும்."

அவர் தோள் குலுங்கியது. தனியாகவே கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு எழுந்து நாற்காலியைத் தள்ளினார்.

"ஐயா, இன்னொரு பக்கம் இருக்கு," என்று தேர்வாளர் நீலக் குட்டையைக் காட்டினார்.

"கதை முடிஞ்சிடுச்சே. அது இன்னாத்துக்கு?" என்ற பெரியவர் எங்கள் பக்கம் திரும்பினார். "இப்ப சொல்லுங்க. அந்தப் பச்சை மொபெட் யாருது?"

பச்சை மொபெட் என்னுடையது. வாசகர் அறையை விட்டுப் போகும்வரை நான் பேசக்கூடாது. அவர் கேட்டார், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இன்னொரு முறை, சத்தமாகக் கேட்டார். வகுப்பு மொத்தமும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. மதாம் அவருக்கு 'மெர்சி' என்று நன்றி சொல்லிக் கைகுலுக்கி வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

கதவு சாத்தியதும் நான், "சார், அந்தக் கடைசிப் பக்கத்துல என்ன இருந்துச்சுன்னா..." என்று ஆரம்பித்தேன். தேர்வாளர் கையை உயர்த்தினார். மதாமும் அவரும் மூலையில் போய் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து பேசினார்கள். எனக்கு இரண்டும் அரைகுறை. எட்டு என்பது மட்டும் இரண்டு மொழியிலும் திரும்பத் திரும்பக் கேட்டது. எட்டுப் பக்கம் இல்லையென்றால் பெயில் என்கிறார்களா, எட்டாவது இருப்பதால் பெயில் என்கிறார்களா என்று தெரியவில்லை. காரைக்கால் பெண் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை நீட்டினாள். குடித்துவிட்டேன்.

திரும்பி வந்து மதாம் சொன்னார். வாசிப்பு செல்லும். கதை ஏழாம் பக்கத்தில் முடிந்துவிட்டது, அதுவரைக்கும்தான் மதிப்பெண். எட்டாம் பக்கத்தை எடுத்துவிட்டுத்தான் சமர்ப்பிக்க வேண்டும். எட்டுப் பக்கம் என்று கேட்டதற்கு ஏழு கொடுத்ததால் கொஞ்சம் குறையும்.

எனக்கு இரண்டாம் வகுப்பு கிடைத்தது. அந்த ஜூன் மாதம் பள்ளியில் மறுபடி சேர்ந்தேன்.